வேளாண் அறிவியலாளர்களின் இணையவழி ஆய்வுத் தரவுத்தளப் பயன்பாடு: அதைத் தீர்மானிக்கும் காரணிகள்

ஆய்வுச் சுருக்கம்

வேளாண் ஆய்வு நிறுவனங்களில் இணையவழித் தரவுத்தளங்கள் வந்து இரண்டு பத்தாண்டுகள் ஆகப்போகின்றன. ஆயினும் அவை எதிர்பார்த்த அளவு பயன்படுத்தப்படவில்லை என்னும் குறை நூலக அறிவியல் ஆய்வுகளில் தொடர்ந்து பதிவாகி வருகிறது. அக்குறைக்கு அறிவியலாளர்களின் விழிப்புணர்வு இன்மையே காரணம் என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரை அம்முடிவை மறுபரிசீலனை செய்கிறது. தேடுசொல்லின் சிக்கல், பணியிடத்தின் தொலைவு, பதவி உயர்வுக்கான மதிப்பெண் முறை, நூலகரின் இடைநிலைப் பணி மறைந்தமை ஆகியவை பயன்பாட்டை எவ்வாறு வடிவமைக்கின்றன என்பதை இந்தியச் சூழலில் வைத்து விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வேளாண் தகவல், தரவுத்தளம், தொழில்நுட்ப ஏற்பு, சேரா கூட்டமைப்பு, அக்ரோவாக், தேடுசொல், நூலகப் பயன்பாடு.

முன்னுரை

2016ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் அதுவரை இந்தியாவில் அறியப்படாத ஒரு வெள்ளை ஈ கண்டறியப்பட்டது. ஓலையின் அடிப்பரப்பில் சுருள் வடிவில் முட்டையிடும் இப்பூச்சி பின்னர் சுருள் வெள்ளை ஈ என வழங்கப்பட்டது. பூச்சி புதியது என்பதால் அதைப் பற்றிய உள்நாட்டு ஆய்வு எதுவும் இல்லை. எனினும் உலகில் அறிவு இல்லாமல் இல்லை. மத்திய அமெரிக்க நாடான பெலிசேயில் திரட்டிய மாதிரிகளைக் கொண்டு 2004இல் ஜான் மார்ட்டின் இவ்வினத்தை விவரித்திருந்தார். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2009இல் இது பரவத் தொடங்கியபின் அதன் உணவுத் தாவரங்கள், இயற்கை எதிரிகள் ஆகியவை குறித்துக் கட்டுரைகள் வெளிவந்திருந்தன.

இத்தகைய நேரத்தில் பூச்சியியலாளர் ஒருவருக்குத் தேவைப்படுவது மூன்று: பூச்சியின் சரியான பெயர், அப்பெயரின் கீழ் உள்ள கட்டுரைகளின் பட்டியல், அக்கட்டுரைகளின் முழுவடிவம். இவற்றுள் ஒன்று தவறினாலும் வேறொரு நாட்டில் ஏற்கெனவே விடை காணப்பட்ட வினாவுக்கு மீண்டும் முதலிலிருந்து சோதனை நடத்த நேரும். அதற்குள் ஒரு பருவம் கழிந்துவிடும். தரவுத்தளப் பயன்பாடு என்பது நூலகத்தின் உள்விவகாரம் அன்று என்பதற்கு இவ்வொரு சான்று போதும்.

அஞ்சலட்டையிலிருந்து இணையம் வரை

வேளாண்மைக்குச் சுருக்கக் குறிப்பு இதழ்களின் மரபு நீண்டது. இன்றைய கேபி நிறுவனத்தின் முன்னோடி அமைப்பு 1913இலேயே பயிர்ப்பூச்சியியல் கட்டுரைகளின் சுருக்கங்களை இதழாக வெளியிடத் தொடங்கியது. அறிவியலாளர் அச்சுருக்கத்தைப் படித்து, கட்டுரை ஆசிரியருக்கு அஞ்சலட்டை எழுதி, மறுபதிப்பு வரும்வரை காத்திருந்தார். கேபி சுருக்கங்கள் 1973 முதல் கணினித் தரவாகச் சேர்க்கப்பட்டன. ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு 1974இல் அக்ரிஸ் என்னும் பன்னாட்டுத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. தொண்ணூறுகளில் இவை குறுந்தகடுகளாக நூலகங்களை வந்தடைந்தன. பெரும்பாலும் நூலகரே தேடினார். அறிவியலாளர் வினாவை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

இந்தியாவில் பெரிய மாற்றம் 2007 நவம்பரில் நிகழ்ந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், தேசிய வேளாண் புதுமைத் திட்டத்தின் கீழ், சேரா எனப்படும் வேளாண் மின்வளக் கூட்டமைப்பை நிறுவியது. கழகத்தின் நிறுவனங்களும் மாநில வேளாண் பல்கலைக்கழகங்களும் இதன் உறுப்பினர்களாயின. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே சந்தா செலுத்திய நிலை மாறி, ஒரே ஒப்பந்தத்தில் பல பதிப்பகங்களின் இதழ்கள் கிடைத்தன. முழுவடிவம் கிடைக்காத கட்டுரையை வேறொரு உறுப்பு நூலகத்திலிருந்து வேண்டிப் பெறும் ஆவண வழங்கல் சேவையும் இணைந்தது. ஆய்வேடுகளுக்காகக் கிரிஷிகோஷ் என்னும் மின்களஞ்சியம் உருவாயிற்று. 2013இல் கழகம் தன் திறந்த அணுகல் கொள்கையை வெளியிட்டது.

ஆகவே வளம் இல்லை என்று இனிக் கூறுவதற்கில்லை. வளம் இருந்தும் ஒருவர் பயன்படுத்துகிறார், மற்றவர் பயன்படுத்தவில்லை என்பதே ஆய்வுக்குரிய வினா.

கோட்பாட்டுப் பின்புலம்

இவ்வினாவை அணுகும் ஆய்வேடுகள் பெரும்பாலும் இரண்டு மாதிரிகளைக் கையாள்கின்றன. முதலாவது, பிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. ஒரு கருவி தன் பணிக்குப் பயன்படும் என்னும் எண்ணமும், அதைக் கையாள்வது எளிது என்னும் எண்ணமுமே ஏற்பைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். இரண்டாவது, வெங்கடேஷ் முதலிய நால்வர் 2003இல், அதற்கு முன்பிருந்த எட்டு மாதிரிகளை ஒருங்கிணைத்து உருவாக்கிய மாதிரி. செயற்பயன் எதிர்பார்ப்பு, முயற்சி எதிர்பார்ப்பு, சமூகத் தாக்கம், ஏதுவாக்கும் சூழல் என நான்கு காரணிகளை அது முன்வைக்கிறது. பாலினம், வயது, அனுபவம், விருப்பத்தின்பேரில் பயன்படுத்தும் நிலை ஆகியவை அவற்றின் வலிமையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஏதுவாக்கும் சூழல் மட்டும் பயன்பாட்டு எண்ணத்தின் வழியாக அன்றி, நேராகவே பயன்பாட்டைப் பாதிக்கிறது என்பது கவனத்திற்குரியது.

இவ்விரண்டுக்கும் முற்பட்ட ஒரு மரபு வேளாண்மையிலிருந்தே பிறந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோள விதை உழவர்களிடையே பரவிய விதத்தை ரயனும் குரோஸும் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டனர். எவரெட் ரோஜர்ஸ் 1962இல் எழுதிய புதுமைப் பரவல் பற்றிய நூலுக்கு அது அடித்தளம் ஆயிற்று. புதிய விதையைப் பற்றி உழவர் முதலில் கேள்விப்பட்டது பெரும்பாலும் விற்பனையாளரிடமிருந்து. ஆனால் அதை விதைக்கலாம் என்னும் நம்பிக்கையைத் தந்தது பக்கத்து நிலத்துக்காரரின் அனுபவம். வேளாண் விரிவாக்கக் கல்வி பயின்ற ஒவ்வொருவரும் உழவரைப் பற்றி இப்பாடத்தைப் படித்திருப்பர். அதே பாடம் அறிவியலாளருக்கும் பொருந்தும் என்பது ஏனோ குறைவாகவே பேசப்படுகிறது. சுற்றறிக்கை தரவுத்தளத்தை அறிமுகப்படுத்தும். அதைத் திறக்கவைப்பது பக்கத்து அறையில் இருக்கும் சக ஆய்வாளரே.

கால்வின் மூயர்ஸ் 1960இல் எழுதியதையும் இங்குச் சேர்த்து நோக்க வேண்டும். தகவலைப் பெற்றிருப்பது, பெறாதிருப்பதைவிடத் தொல்லை மிகுந்ததாக ஒருவருக்கு இருக்குமானால், அவர் தகவல் தேடும் அமைப்பைப் பயன்படுத்தமாட்டார் என்பது அவர் கூற்றின் பொருள். தேடுபொறி கடினமாக இருந்தால் எவரும் பயன்படுத்தார் என்பதாக இக்கூற்று பல இடங்களில் எடுத்தாளப்படுகிறது. மூயர்ஸ் கூறியது அதனினும் ஆழமானது. கிடைத்த தகவலைப் படிக்க வேண்டும். அதன்படி தன் திட்டத்தை மாற்ற வேண்டும். சில வேளை தன் வேலை ஏற்கெனவே வேறொருவரால் செய்யப்பட்டுவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தொல்லையை ஏற்பதற்கு நிறுவனம் ஊக்கம் தராதபோது, எத்துணை எளிய தேடுபொறியும் திறக்கப்படாமலே இருக்கும்.

தேடுசொல் என்னும் தடை

வேளாண்மைத் தேடலின் தனிச்சிக்கல் பெயர்களில் உள்ளது. மேற்கூறிய வெள்ளை ஈயையே எடுத்துக்கொள்ளலாம். புளோரிடாவில் அது கம்போ லிம்போ என்னும் மரத்தின் பெயரால் கம்போ லிம்போ சுருள் வெள்ளை ஈ என அழைக்கப்பட்டது. தென்னை, வெள்ளை ஈ என்னும் இரு சொற்களை ஆங்கிலத்தில் இட்டுத் தேடும் ஒருவருக்கு அக்கட்டுரைகள் பட்டியலின் மேலே வருவது அரிது. அலூரோடிகஸ் ருகியோபெர்குலேட்டஸ் என்னும் அறிவியற்பெயரை அறிந்தவருக்கே அவை எளிதில் அகப்படும். பெயர் தெரிவதற்குப் பூச்சியை இனங்காண வேண்டும். இனங்காண்பதற்கு இலக்கியம் வேண்டும். இச்சுழலை உடைப்பதே தேடலின் கடினமான பகுதி.

அறிவியற்பெயரும் நிலையானதன்று. நெல்லின் மஞ்சள் குருத்துப்பூச்சி இன்று சிர்போஃபாகா இன்சர்டுலாஸ் எனப்படுகிறது. முந்தைய தலைமுறையின் கட்டுரைகளில் அது டிரைபோரைசா இன்சர்டுலாஸ்; அதற்கும் முன்னர் ஷோனோபியஸ் இன்சர்டுலாஸ். இன்றைய பெயரை மட்டும் இட்டுத் தேடும் மாணவர், பசுமைப்புரட்சிக் காலத்து ஆய்வுகளில் பெரும்பகுதியைக் காணாமலே தன் இலக்கிய மதிப்பாய்வை முடித்துவிடுவார். பயிர்ப்பெயர்களிலும் இதே நிலைதான். துவரையை இந்தியக் கட்டுரைகள் ரெட் கிராம் என்றும், பன்னாட்டு இதழ்கள் பிஜன்பீ என்றும், வட இந்திய அறிக்கைகள் அர்ஹர் அல்லது தூர் என்றும் குறிக்கின்றன. சாமையின் இன்றைய அறிவியற்பெயர் பானிக்கம் சுமத்ரென்ஸ். பழைய கட்டுரைகளில் பானிக்கம் மிலியேர்.

இச்சிக்கலுக்காகவே கட்டுப்படுத்தப்பட்ட சொற்களஞ்சியங்கள் உருவாக்கப்பட்டன. உணவு வேளாண்மை அமைப்பின் அக்ரோவாக், கேபியின் சொற்களஞ்சியம் ஆகியவை ஒரே கருத்தின் பல பெயர்களை ஒரு பதிவின் கீழ் இணைக்கின்றன. அவற்றைக் கொண்டு தேடினால் பழைய பெயரும் புதிய பெயரும் ஒருங்கே அகப்படும். ஆயினும் 2004இல் அறிமுகமான கூகுள் ஸ்காலரின் ஒற்றைத் தேடுபெட்டிக்குப் பழகியவர் சொற்களஞ்சியத்தைத் திறப்பதில்லை. எதைத் தேடினாலும் ஆயிரக்கணக்கான முடிவுகளைக் காட்டும் பெட்டி, எதை விட்டுவிட்டது என்பதைக் காட்டுவதில்லை. தேடியவருக்கு மனநிறைவு ஏற்பட்டுவிடுகிறது. வினாநிரலில் அவர் தம் தேடல் திறனை உயர்வாகவே மதிப்பிடுவார். அம்மதிப்பீட்டை அப்படியே அட்டவணையாக்கும் ஆய்வுகள் எதை அளக்கின்றன என்பது ஐயத்திற்குரியது.

வேளாண் அறிவியல் நிலையங்களில் பணிபுரியும் பாட வல்லுநரின் நிலை இன்னும் சிக்கலானது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. இந்நிலையங்களுக்கு வரும் வினா உழவரின் வட்டார வழக்கில் இருக்கும். அதனைத் தமிழ்ப் பாடநூற் பெயராகவும், பின் ஆங்கிலப் பெயராகவும், பின் அறிவியற்பெயராகவும் மாற்றிய பிறகே தரவுத்தளத்தை அணுக முடியும். கிடைத்த விடையை அதே படிகளின் வழியே திரும்பக் கொண்டுவரவும் வேண்டும். ஒரு முற்பகலில் பத்துப் பேருக்கு விடை சொல்ல வேண்டியவர், தெரிந்த பேராசிரியரைத் தொலைபேசியில் அழைப்பதே அறிவுடைமை. இதனை விழிப்புணர்வு இன்மை என்று கொள்வது பொருந்தாது.

பணியிடமும் அணுகலும்

சேராவின் அணுகல் நிறுவனத்தின் இணைய முகவரியை அடையாளமாகக் கொண்டு அமைந்தது. வளாகத்திற்குள் இருக்கும் கணினிக்குக் கடவுச்சொல்லின்றியே இதழ்கள் திறக்கும், வெளியே திறக்கா. அலுவலக அறையில் அமர்ந்து ஆய்பவருக்கு இது மிக வசதியான ஏற்பாடு. ஆனால் வேளாண் அறிவியலாளரின் பணியிடம் வயல். கோயம்புத்தூர் வளாகத்தில் இருப்பவருக்கும், வறண்ட மாவட்டமொன்றின் ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவருக்கும் ஒரே பல்கலைக்கழக உறுப்பினர் என்னும் பெயர் இருந்தாலும், இணைப்பின் வேகமும் அணுகலின் எல்லையும் ஒன்றாக இருந்ததில்லை. வெளியிலிருந்து அணுகும் வழிகள் பின்னர் ஏற்பட்டன. அவற்றுக்குத் தனிப்பதிவும் நிறுவன ஒப்புதலும் தேவை. இப்படிகளுள் எந்த ஒன்றிலும் ஒருவர் நின்றுவிடலாம்.

பருவமும் ஒரு காரணி. விதைப்பு, நடவு, அறுவடைக் காலங்களில் களப்பணியே முழுநாளையும் கொள்கிறது. தேடல் பெரும்பாலும் திட்ட முன்மொழிவு எழுதும்போதும் ஆய்வேடு எழுதும்போதுமே நிகழ்கிறது. சோதனையை வடிவமைப்பதற்கு முன் நிகழ வேண்டிய தேடல், முடிவுகளுக்கு ஆதரவு திரட்டுவதற்காகச் சோதனைக்குப்பின் நிகழ்வது வேளாண் ஆய்வின் பழைய நோய்களுள் ஒன்று.

துறை வேறுபாடு

அறிவியலாளர் அனைவரையும் ஒரே தொகுதியாகக் கொள்வது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். மூலக்கூறு உயிரியலாளர் ஜென்பேங்க் போன்ற கட்டணமற்ற தரவுத்தளங்களை நாள்தோறும் திறக்கிறார். மரபணு வரிசையைக் களஞ்சியத்தில் சேர்த்து அதன் பதிவெண்ணைத் தராவிடில் இதழ்கள் கட்டுரையை ஏற்பதில்லை. அங்கே பயன்பாடு விருப்பத்தைச் சார்ந்ததன்று. உழவியலாளருக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. அவருக்குத் தேவையான தகவலும் பன்னாட்டு இதழ்களில் குவிந்திருப்பதில்லை. ஒரு துறையின் கட்டுரைகளில் பெரும்பகுதி சில மைய இதழ்களிலும், எஞ்சியவை எண்ணற்ற விளிம்பு இதழ்களிலும் சிதறிக் கிடக்கும் என்று சாமுவேல் பிராட்ஃபோர்டு 1934இல் காட்டினார். உழவியலில் அவ்விளிம்பு மிக நீண்டது. குறிப்பிட்ட மண்ணில், குறிப்பிட்ட மழையளவில் நடந்த உரச்சோதனை ஆண்டறிக்கையிலோ, மாநில இதழிலோ, அச்சேறாத ஆய்வேட்டிலோதான் இருக்கும். நூறாண்டைக் கடந்த மெட்ராஸ் வேளாண் இதழின் பழைய தொகுதிகளில் உள்ள செய்திகளைப் பன்னாட்டுத் தரவுத்தளம் மட்டும் கொண்டு முழுமையாகத் தேடிவிட இயலாது. இத்துறையினர் தரவுத்தளத்தைக் குறைவாக நாடுவதற்கு அத்தளத்தில் அவர்களுக்குரியது குறைவாக இருப்பதும் ஒரு காரணம். கிரிஷிகோஷின் சிறப்பு இவ்விடத்தில்தான் வெளிப்படுகிறது.

மதிப்பெண் முறையின் தாக்கம்

தேசிய வேளாண் அறிவியல் கழகம் ஆண்டுதோறும் இதழ்களுக்கு மதிப்பெண் வழங்குகிறது. பணிநியமனத்திலும் பதவி உயர்விலும் இம்மதிப்பெண் கணக்கில் கொள்ளப்படுவதால், எவ்விதழில் எழுதுவது என்பதை அது தீர்மானிக்கிறது. எவ்விதழைப் படிப்பது என்பதையும் அதுவே மறைமுகமாகத் தீர்மானிக்கிறது. எழுதப்போகும் இதழின் அண்மைக் கட்டுரைகளைப் படித்து மேற்கோள் காட்டுவது எங்கும் உள்ள நடைமுறை. இதனால் தேடல் பொருளை நோக்கியதாக அமையாமல் இதழை நோக்கியதாகச் சுருங்குகிறது. சமூகத் தாக்கம் என்று ஏற்பு மாதிரி கூறும் காரணி இந்தியச் சூழலில் இவ்வடிவில் செயல்படுகிறது; வினாநிரல்களில் இது இடம்பெறுவது அரிது.

பயிற்சியும் நூலகரும்

வேளாண் பல்கலைக்கழகங்களின் முதுநிலைப் பாடத்திட்டத்தில் நூலகமும் தகவல் சேவையும் என்னும் ஒரு கூறுமதிப்புச் செய்முறைப் பாடம் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் அது மாணவர் சேர்ந்த தொடக்கத்திலேயே நடத்தப்படுகிறது. ஆய்வுத் தலைப்பு அப்போது முடிவாகியிருப்பதில்லை. வினா இல்லாதவருக்குத் தேடும் முறையைக் கற்பிப்பது, கிணறு இல்லாத நிலத்தில் ஏற்றம் இறைக்கக் கற்பிப்பதை ஒத்தது. பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் ஆன அறிவியலாளருக்கோ இத்தகைய பாடமும் முறையாக இல்லை.

குறுந்தகட்டுக் காலத்தில் நூலகர் சொற்களஞ்சியத்தை அறிந்த இடைநிலையாளராக இருந்தார். தரவுத்தளம் மேசைக்கணினிக்கு வந்ததும் அவ்விடம் வெறுமையாயிற்று. இடைநிலையாளரை நீக்கியதை முன்னேற்றம் என்று கருதியவர்கள், அவருடன் சேர்ந்து தேடற்கலையும் நீங்கியதைக் கணக்கில் கொள்ளவில்லை. மருத்துவத் துறையில் முறையான இலக்கிய மதிப்பாய்வுகளில் நூலகர் இணையாசிரியராக இடம்பெறும் வழக்கம் வளர்ந்துள்ளது. வேளாண்மையில் அது இன்னும் வேரூன்றவில்லை.

ஒரே நாடு ஒரே சந்தாவுக்குப் பின்

2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6000 கோடி ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், அரசு உயர்கல்வி நிறுவனங்களும் ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களுமாக 6,300க்கும் மேற்பட்டவற்றுக்குக் கிடைக்கின்றன. விலை என்னும் தடை இவற்றுக்குப் பெருமளவு நீங்கியுள்ளது. அரசு சாராத வேளாண் கல்லூரிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் இதற்கு வெளியே நிற்கின்றனர்.

இத்திட்டம் ஆய்வாளர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பையும் தருகிறது. இதுவரை விலை, அணுகல், திறன், ஊக்கம் ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. எது எவ்வளவு தடுத்தது எனப் பிரித்தறிய இயலவில்லை. இப்போது விலை ஓரளவு விலகி நிற்பதால் ஏனையவற்றைத் தனித்து அளக்கலாம். அதற்குப் பதிவிறக்க எண்ணிக்கை போதாது. பதிவிறக்கிய கட்டுரை படிக்கப்பட்டதா என்பதையோ, தேடியவர் எதைத் தவறவிட்டார் என்பதையோ அவ்வெண்ணிக்கை கூறுவதில்லை. கரோல் டெனோபிரும் டொனால்ட் கிங்கும் அறிவியலாளர்களின் வாசிப்பை ஆராய்ந்தபோது, பொதுவான கருத்தைக் கேட்பதை விடுத்து, கடைசியாகப் படித்த ஒரு கட்டுரையைப் பற்றி மட்டும் கேட்டனர். அம்முறை இங்கும் ஏற்புடையது. அறிவியலாளர் கடைசியாகத் தேடிய வினா எது, எந்தச் சொற்களை இட்டார், சோதனைக்கு முன் தேடினாரா பின் தேடினாரா, எவ்விடத்திலிருந்து தேடினார், எங்கே நிறுத்தினார், நிறுத்தியபின் யாரை அழைத்தார் என்னும் ஆறு வினாக்கள், ஐந்துபுள்ளி அளவுகோலில் அமைந்த நீண்ட வினாநிரல் ஒன்றைக் காட்டிலும் மிகுதியாகத் தெரிவிக்கும். அவற்றுள் முதல் இரண்டையும் அதே அறிவியலாளரை அருகில் வைத்துக்கொண்டு ஒரு நூலகர் சொற்களஞ்சியத்தின் வழியே மீண்டும் தேடிப் பார்க்க இயலும். இரு பட்டியல்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு எண்ணிக்கையாகவே கிடைத்துவிடும்.